நூற்று அறுபத்து மூன்று மேற்கோள்கள்

அந்தச் சனிக்கிழமை காலை, வெள்ளவத்தையில் கடலுக்கு மிகக் கிட்டிய ஒரு தொடர்மாடியின் நான்காம் தளத்தில், உஷாந்தி தன் பேராசிரியர் பதவி விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தாள். திங்கட்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குள் அது பதிவாளரின் கையில் இருக்க வேண்டும். இருபத்தாறு வருடங்களாக நெல்லின் மரபணுக்களோடு வாழ்ந்தவளிடம் அந்தப் பக்கம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உன் ஆய்வுகளை உலகத்தில் யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், ஒவ்வொன்றாக எழுது, உன்னை நீயே காட்டிக்கொண்டவற்றைக் கழித்துவிடு.

கணவன் ஜனா எதிரே இருந்து கணினியைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தான். கப்பல் முகவர் நிறுவனமொன்றில் வேலை செய்பவன். பட்டியல்களைச் சரிபார்ப்பதென்றால் அவனுக்கு ஒரு தனிச் சந்தோசம்.

"இதிலை உம்மட பேரே மூண்டாவதா நிக்குது. வெட்டட்டோ?"

"வெட்டுங்கோ."

"கவலையா இல்லையோ?"

"தலைமயிர் வெட்டுற மாதிரித்தான். கொஞ்சம் பாரம் குறையும்."

அவளுடைய நாற்பத்தொரு கட்டுரைகளில் நாற்பதுக்கும் சேர்த்துக் கிடைத்த மேற்கோள்கள் தொண்ணூறைத் தாண்டவில்லை. நாற்பத்தோராவதுக்கு மட்டும், வெட்டியது போக, நூற்று அறுபத்து மூன்று. உப்பு நிலத்திலும் வாடாத ஒரு நெல் வகையைப் பற்றிய கட்டுரை அது; ஆய்வாளர்கள் அப்படியான வகையை 'வரிசை' என்பார்கள். போனமுறை விண்ணப்பம் இரண்டு புள்ளியால் திரும்பி வந்திருந்தது. இந்தமுறை அந்தக் கட்டுரை இருந்தால் நான்கு புள்ளி மிச்சம். இல்லாவிட்டால் எல்லையைக் கண்ணாலும் காண முடியாது.

வாசல் மணி அடித்தது. மேல்மாடி தியாகராசா. சுங்கத் திணைக்களத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். நல்ல மேலங்கி போட்டு, கையில் சுருட்டிய பத்திரிகையோடு நின்றார்.

"பிள்ளை, இண்டைக்கு ஸ்கோர் என்ன?"

"நூற்று அறுபத்து மூண்டு, அங்கிள்."

"நொட் அவுட்டோ?"

"இப்போதைக்கு நொட் அவுட்."

"ஆ! எங்கட ரூஃப்டொப்பிலை முளைச்ச நெல்லெண்டா சும்மாவே? மனுசிக்கு ஒருக்காச் சொல்லிப்போட்டு வாறன்." செருப்புச் சத்தம் படியேறிப் போனது.

அவர் சொன்னது உண்மைதான். அந்த நெல் முளைத்தது கூரையில். இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு ஒக்டோபரில், கொரோனாவின் இரண்டாம் அலை வந்து, எந்த நேரமும் ஊரடங்கு போடலாம் என்ற நாட்களில், பல்கலைக்கழகத்தில் அவள் நாற்று வளர்த்த கண்ணாடிப் பசுங்கூடத்தைப் பூட்டச் சொன்னார்கள். ஆய்வுகூட உதவியாளர் ரெனால்ட் இருபத்துநான்கு நாற்றுத் தட்டுகளை வான் வண்டியொன்றில் ஏற்றிக்கொண்டுவந்து இந்தத் தொடர்மாடியின் மொட்டைமாடியில் இறக்கினார். பன்னிரண்டு தட்டில் புதிய வரிசை, நீல நாடா. பன்னிரண்டில் சாதாரண நெல், வெள்ளை நாடா. வெயிலும் காற்றும் எல்லாத் தட்டுக்கும் ஒரேயளவாகக் கிடைக்க, ஒவ்வொரு நாளும் இடம் மாற்றி வைக்க வேண்டும். அது இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

மூன்றாம் நாள் உஷாந்திக்குக் காய்ச்சல். சோதனையில் கொரோனா என்று வந்தது. வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்து பஸ்ஸில் ஏற்றி, சிகிச்சை நிலையமொன்றில் இரண்டு கிழமை வைத்தார்கள். ஜனா வீட்டுக் கதவைத் திறக்கவே கூடாது என்று ஒட்டிவிட்டுப் போனார்கள். பயிரைப் பார்த்துக்கொண்டவர் தியாகராசாதான். அவள் திரும்பி வந்தபோது தட்டுகள் பச்சைப் பசேலென்று நின்றன. பதிவேட்டில், நாளுக்கொரு வரி, 'இடம் மாற்றப்பட்டது' என்ற கட்டத்துக்குள் சுங்கக்காரரின் சீரான சரிக்குறிகள். பிறகு அவள் எல்லாத் தட்டிலும் உப்புத் தண்ணீர் விட்டாள். வெள்ளை நாடா வாடிச் சாய்ந்தது. நீல நாடா நிமிர்ந்து நின்றது. அன்றைக்கு அவள் மொட்டைமாடியில் குந்தியிருந்து சின்னப் பிள்ளையைப் போல அழுதாள்.

இன்னொருமுறை செய்து பார்க்கத்தான் நினைத்திருந்தாள். அடுத்த வருடம் கட்டுரை வெளிவந்துவிட்டது. அதற்கடுத்த வருடம் நாட்டில் பெற்றோலும் இல்லை, மின்சாரமும் இல்லை. எல்லாம் திரும்பி வந்தபோது எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. ஏறுகிற எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மறுபடி நாற்றுப் போடும் எண்ணம் வருவதில்லை.

"இதென்ன தலைப்பு?" ஜனா கேட்டான். "'உப்பு தாங்கும் வரிசை: கரையோர வயல்களில் மூன்று போகங்களின் அனுபவம்.' உம்மடதைத்தான் எடுத்துக் காட்டியிருக்கினம். ஸமீமா எண்டு ஆரோ. அம்பாறைப் பக்கம்."

இதுவரை அவள் மேற்கோள்களின் எண்ணிக்கையைத்தான் பார்த்திருந்தாள். காட்டியவர்களைத் திறந்து பார்த்ததில்லை. வாசலில் தங்கள் பெயர்ச்சீட்டை வைத்துவிட்டுப் போன விருந்தாளிகளைப் போல அவர்கள் வெளியிலேயே நின்றார்கள். சொந்த மண்ணின் பெயர் என்பதால் இந்த ஒன்றை அவள் திறந்தாள்.

ஸமீமா என்ற ஆய்வு மாணவி, உஷாந்தியின் நெல்லைக் கரையோர வயல்களில் மூன்று போகம் நட்டிருந்தாள். மூன்று போகமும் பயிர் வாடியிருந்தது. முடிவுரையில் இப்படி எழுதியிருந்தாள்: 'மூல ஆய்வின் முடிவுகளை எங்களால் பெற முடியவில்லை. இது எங்கள் கையாளுகையில் நேர்ந்த கவனக்குறைவாக இருக்கலாம்.'

உஷாந்தி அந்த வரியை இரண்டுமுறை வாசித்தாள். பிறகு முதலாவது மேற்கோளிலிருந்து ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கினாள். ஜனா சோறு போட்டுக்கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான்; அது ஆறியது. பெரும்பாலானவர்கள் அவளுடைய பெயரைப் பத்துப் பன்னிரண்டு பெயர்களோடு ஒரு அடைப்புக்குறிக்குள் நெருக்கி ஏற்றியிருந்தார்கள், கொழும்பின் காலி வீதிப் பஸ்ஸில் ஆட்களை ஏற்றுவதுபோல. கட்டுரையை வாசித்ததற்கே அடையாளம் இல்லை. உண்மையில் நட்டுப் பார்த்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் பயிர் வாடியிருந்தது. ஒருவர் தன் மண்ணைக் குறை சொன்னார், ஒருவர் தண்ணீரை, ஒருவர் தன் மாணவனை. அவளை ஒருவரும் சொல்லவில்லை.

அவள் எழுந்து மொட்டைமாடிக்குப் போனாள். மேற்கே, கடலைப் பார்த்த கைப்பிடிச் சுவர். அதன் மேலிருந்த இரும்புக் கம்பி, போன வருடம்தான் வர்ணம் பூசியது, மறுபடி செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கத்தில் மின்விசிறி மூன்று வருடம் தாங்காது, குளிர்சாதனப்பெட்டியின் பின்புறம் ஐந்து வருடம் தாங்காது. வெள்ளவத்தையில் இதெல்லாம் எல்லோருக்கும் பழக்கம். அவள் சுவரை ஒரு விரலால் தடவி நாக்கில் வைத்தாள்.

உப்பு.

கிழக்கே பெரிய தண்ணீர்த் தாங்கி. அதன் அடிவாரத்தில் காற்றே இல்லை. இளம் நாற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உப்புப் பழக்கினால், பிறகு நிறைய உப்பைக் கொடுத்தாலும் அது தாங்கும். இது மரபணு இல்லை, பழக்கம். ஆனால் தட்டுகளை ஒவ்வொரு நாளும் இடம் மாற்றியிருந்தால், இரண்டு நாடாவுக்கும் ஒரேயளவு கடற்காற்றுத்தானே கிடைத்திருக்கும்? பதிவேட்டில் ஒரு நாளும் தவறாமல் சரி போடப்பட்டிருந்தது. தட்டுகள் எங்கே நின்றன என்பதற்கு மட்டும் எந்தப் பதிவும் இல்லை. அந்த இரண்டு கிழமையில் மேலே போய் வந்த வெளியாள் ஒருவர்தான்: ஊரடங்கு அனுமதிச் சீட்டோடு உரநீர் கொண்டுவந்த ரெனால்ட்.

அவர் இப்போது ஓய்வுபெற்றுக் கொட்டாஞ்சேனையில், கோவில் மதிலுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் இருக்கிறார். உஷாந்தி த்ரீவீல் பிடித்தாள். கோட்டையைக் கடக்கவே முக்கால் மணித்தியாலம் ஆயிற்று.

"அட, மேடமா! வாங்க வாங்க. மேபல், இங்க யார் வந்திருக்கா பாரு! குடிக்க ஏதாச்சும் கொண்டா. என்ன மேடம், ப்ரொஃபெஸர் ஆகிட்டீங்களா?"

"இன்னும் இல்லை, ரெனால்ட். கொரோனா நேரம் எங்கட மொட்டைமாடியிலை படம் ஏதும் எடுத்தனீங்களோ? தட்டுகள்?"

"ஏன் எடுக்கல? அந்தப் பழைய போன் இன்னும் இருக்கு மேடம். சார்ஜ்ல போட்டாத்தான் உயிர் வரும்."

போனுக்கு உயிர் வரும்வரை மேபல் கொடுத்த சிவப்புச் சோடாவைக் குடித்தபடி இருந்தாள். ரெனால்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தேடினார்.

"இந்தா. எவ்வளவு அழகு பாருங்க. நத்தாருக்கு நாங்க பாலன் குடில்ல நெல்லு முளைக்கப் போடுவோமே, அதே மாதிரி. மேபலுக்குக் காட்டத்தான் எடுத்தேன்."

படத்தின் நடுவில், தண்ணீர்த் தாங்கியின் அடியில், ஒரு கும்பம். வாழையிலையில் நெல் பரப்பி, பித்தளைச் செம்பு வைத்து, மாவிலை சொருகி, தேங்காய் வைத்து, பூமாலை போட்டிருந்தது. அதைச் சுற்றி அரைவட்டமாக, இளம்பச்சையாக, பன்னிரண்டு வெள்ளை நாடாத் தட்டுகள். தூரத்தில், கடல் பக்கச் சுவரோடு வரிசையாக, நீல நாடாத் தட்டுகள்.

"இது எத்தினையாம் திகதி?"

"பதினெட்டு. அடுத்தது இருக்கு, இருபத்துநாலு."

இருபத்துநான்காம் திகதிப் படத்தில் மாலை வாடியிருந்தது. வேறு எதுவும் மாறியிருக்கவில்லை. ஒரு தட்டுக்கூட.

"என்ன மேடம், ஏதும் பிழையா?"

"இல்லை, ரெனால்ட். வடிவான படம். எனக்கு அனுப்பிவிடுங்கோ."

அவள் திரும்பி வந்தபோது ஐந்து மணி. தியாகராசாவின் வீட்டுக் கதவு வழமைபோலத் திறந்தே கிடந்தது. அவர் கதிரையில் இருந்து பத்திரிகையின் இறந்தோர் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி சிவக்கொழுந்து கடலை அவித்துக்கொண்டிருந்தா.

உஷாந்தி படத்தைக் காட்டினாள். முதலில் குனிந்து பார்த்தது சிவக்கொழுந்து.

"அட, எங்கட நவராத்திரிக் கும்பம்! அந்த வருசம் கோயிலெல்லாம் பூட்டு. வீட்டுக்குள்ளை ஆக்கள் கூடக் கூடாதெண்டு பொலிஸ் சொல்லிப்போட்டுது. அதுதான் மேலை வச்சு, ஆளுக்கு ஒரு மீற்றர் தள்ளி நிண்டு கும்பிட்டனாங்கள். நவதானியம் வாங்கக் கடையுமில்லை. அப்பதான் பிள்ளை, உங்கட நாத்து லட்சுமி மாதிரி நிண்டுது. கும்பத்தைச் சுத்தி முளை இருக்கத்தானே வேணும்?"

"ஓம் அன்ரி. அதுக்குப் பிறகு இடம் மாத்தேல்லையோ?"

"கும்பம் வச்சாப் பிறகு ஆரும் அசைப்பினமே? விஜயதசமி வரைக்கும் அசைக்கப்படாது. கேள்வியைப் பார்!"

தியாகராசா பத்திரிகையை மடித்தார். மறுபடி மடித்தார். அது உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது.

"அதுக்குப் பிறகும் மாத்தேல்லை, பிள்ளை," என்றார். "முதல் ரெண்டு நாள் மாத்தினனான். பிறகு கும்பம். ஒன்பது நாள் போனாப்போலை, இனி மாத்தி என்ன எண்டு விட்டிட்டன்."

"சரி போட்டிருந்தியள்."

"போட்டனான். நீங்கள் அங்கை கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டு போனிலை கேட்டனீங்கள், 'அங்கிள், மாத்தினனீங்களோ' எண்டு. என்னாலை இல்லையெண்டு சொல்ல ஏலாமப் போச்சு." அவர் குரல் இறங்கியது. "முப்பத்தைஞ்சு வருசம் துறைமுகத்திலை நிண்டனான். பெட்டியைத் திறக்காமல் ஒரு கடுதாசியிலும் சரி போட்டதில்லை. இது புல்லுத்தானே எண்டு நினைச்சன்."

சிவக்கொழுந்து அகப்பையோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தா. "என்னப்பா நடந்தது? சாமி காரியத்திலை பிழை வருமே?"

"நீர் சும்மா இரும். பிள்ளை, எத்தினை போகும்?"

"எல்லாம், அங்கிள்."

"நூற்று அறுபத்து மூண்டுமோ?"

அவளுக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும் போலிருந்தது, வரவில்லை. படியிறங்கும்போதுதான் ஏனென்று புரிந்தது. கட்டுரையில் அவள் மொட்டைமாடி என்று எழுதவில்லை. காயப்போட்ட உடுப்புகளுக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் நடுவே செய்த ஆய்வு என்றால் வெளிநாட்டுச் சஞ்சிகை சிரிக்கும் என்று, 'பகுதித் திறப்புள்ள பசுங்கூடம்' என்று எழுதியிருந்தாள். 'கடலிலிருந்து நூற்றைம்பது மீற்றர்' என்று ஒரேயொரு வரி எழுதியிருந்தால், அம்பாறையில் ஒரு பெண் முதல் போகத்திலேயே கண்டுபிடித்திருப்பாள். கிழவர் போட்டது பதினான்கு சரி. அவள் போட்டது ஒரு சொல். அதுதான் உலகமெல்லாம் போனது.

ஜனா முழுவதையும் கேட்டான். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தான்.

"இஞ்சேரும். ஒருத்தருக்கும் இப்பத் தெரியாது. திங்கக்கிழமை விண்ணப்பத்தைக் குடும். செவ்வாக்கிழமை சஞ்சிகைக்கு எழுதும். ஒரு நாள் வித்தியாசம்தானே?"

"செவ்வாய்க்கிழமை எழுதுவனெண்டு நினைக்கிறீங்களோ?"

"ஏன், எழுதமாட்டீரோ?"

"இந்த நெல்லைத் திரும்பப் போட்டுப் பாக்க நாலு வருசம் இருந்தது. பாத்தனானோ?"

அவன் பட்டியல் இருந்த கணினியை மெல்ல மூடினான்.

அன்றைக்கே அவள் ஸமீமாவின் மின்னஞ்சலுக்குத் தன் தொலைபேசி இலக்கத்தை அனுப்பி, வசதியான நேரம் பேசச் சொன்னாள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அழைப்பு வந்தது.

"அஸ்ஸலாமு... சொறி, வணக்கம் மேடம். நான் ஸமீமா. நீங்க மெயில் போட்டத நாலுதரம் வாசிச்சுப் பாத்துட்டுத்தான் எடுக்கிறன். நான் எழுதினதுல ஏதாச்சும் மரியாத இல்லாம வந்திட்டா?"

"இல்லை ஸமீமா. கதைக்க வேண்டியது நான்தான். நீங்கள் பொறுமையாக் கேளுங்கோ."

உஷாந்தி சொன்னாள். கூரை, கடற்காற்று, மாற்றாத தட்டுகள், பசுங்கூடம் என்று எழுதிய தன் பொய். சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவள் பார்த்தாள்.

"அப்ப," என்றது குரல், மிகவும் சின்னதாக, "என்ட பிழ இல்லையா மேடம்?"

"உங்கட பிழை ஒண்டுமில்லை."

"ரெண்டு வருசம் மேடம். ஒவ்வொரு போகமும் வாடுறப்ப, நான் சரியா அளக்கல்ல, நான் சரியா ஊத்தல்ல எண்டு... வாப்பா ரெண்டு ஏக்கர எனக்காக வேற ஆருக்கும் குடுக்காம விட்டாரு. என்ட ஆய்வ மேற்பாக்குற சேர் சொன்னாரு, நூத்திச் சொச்சம் பேரு எடுத்துக் காட்டின ஆய்வு பிழையா, நீ பிழையா எண்டு." அழுகிறாள் என்று தெரிந்தது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, சற்றும் எதிர்பாராத ஒரு கோபம். "நீங்க ஒரு வரி சரியா எழுதி இருக்கலாமே மேடம்!"

"ஓம். எழுதியிருக்கலாம்."

அந்தக் கோபம் உஷாந்திக்கு ஒருவகையில் நிம்மதியாக இருந்தது. அவளைக் குறை சொன்ன முதல் ஆள்.

"புதன்கிழம எங்கட பீடத்துல கூட்டம் இருக்கு. என்ட பதிவ நீடிக்கிறதா, வெட்டுறதா எண்டு முடிவெடுக்கப் போறாங்க. இப்ப சொன்னத எழுத்துல தருவீங்களா? உங்கட கையெழுத்தோட?"

"தாறன்."

"இது வெளிய தெரிய வந்தா உங்களுக்கு..."

"தெரிய வரத்தான் வேணும். இண்டைக்கே அனுப்புறன். சஞ்சிகைக்கும் அதே கடிதம்தான் போகும்."

தொலைபேசியை வைத்துவிட்டு அவள் ஜனாவைக் கூப்பிட்டாள். விண்ணப்பக் கோவையை அலுமாரியில் வைக்கச் சொன்னாள். அவன் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனான், தூங்கிப்போன குழந்தையைக் கட்டிலுக்குக் கொண்டுபோவது போல. பதவிக்கான அடுத்த விண்ணப்ப அழைப்பு இரண்டு வருடத்துக்குப் பிறகு. அதுவும் வருமென்று ஒருவரும் உறுதி சொல்லவில்லை.

அவள் எழுதத் தொடங்கினாள். இரண்டு பந்தி முடிந்தபோது வாசலில் தியாகராசா நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அப்படிக் கேட்டதேயில்லை.

"கடிதமோ?"

"ஓம், அங்கிள். இருங்கோ."

அவர் இருக்கவில்லை. "என்ர பேரையும் போடுங்கோ. தியாகராசா, ஓய்வுபெற்ற சுங்கப் பரிசோதகர். சரி போட்டது நான்தானே?"

"உங்கட பேர் தேவையில்லை. பொறுப்பு என்ரது. ஆய்வு என்ரது."

"பிள்ளை, பதினாலு நாளும் அந்தப் புத்தகத்திலை கிடக்கிறது என்ர கையெழுத்து. அதை மறைச்சு எழுதினா, இதுவும் பசுங்கூடம் மாதிரித்தான்."

அவர் எப்படி அதை அறிந்தார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். ஜனா சமையலறைப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"சரி, அங்கிள். போடுறன். கும்பத்தை என்னெண்டு எழுதுறது?"

"உள்ளதை எழுதுங்கோ."

உள்ளதை ஆங்கிலத்தில் எழுதுவது எளிதாக இருக்கவில்லை. நாலுமுறை எழுதி நாலுமுறை அழித்தாள். தியாகராசா தோளுக்குப் பின்னால் நின்று, விளங்கிய சொற்களை மட்டும் வாய்க்குள் வாசித்தார். கடைசியில் வந்த வரிகளை அவள் அவருக்குத் தமிழில் சொன்னாள்:

'நாற்றுகள் பசுங்கூடத்தில் வளரவில்லை. கொழும்பில், கடலிலிருந்து நூற்றைம்பது மீற்றர் தூரத்தில், குடியிருப்பொன்றின் கூரையில் வளர்ந்தன. தியாகராசா பொறுப்பெடுத்த இரண்டாம் நாளுக்குப் பிறகு தட்டுகள் இடம் மாற்றப்படவில்லை. அதில் ஒன்பது நாட்கள், சாதாரண நெல்லின் தட்டுகள் வழிபாட்டில் இருந்தன.'

"சரியோ, அங்கிள்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையிலிருந்த ஒவ்வொரு சொல்லையும் மறுபடி பார்த்தார். நேரமெடுத்தார்.

"சரி," என்றார்.

அவள் ஸமீமாவின் முகவரியை முதலில் போட்டு, சஞ்சிகையின் முகவரியை அடுத்துப் போட்டு, அனுப்பினாள்.